ஆற்று மணலும் ஆறு சல்லடையும்

மூன்று வருடங்களுக்கு முன் மாப்பிள்ளை, வண்டியூரில் வாங்கிப் போட்டிருந்த மனையில் வீடு கட்ட ஆரம்பித்தார். கடைக்கால் தோண்டி முடித்த அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர், காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே ஒரு கேள்வி கேட்டார்.

"மாமா, இன்ஜினியர் எல்லாமே எம்-சாண்ட்லதான்னு சொல்றார். பக்கத்து வீட்டுக்காரர், ஆத்து மணல் போடாத வீடு பத்து வருசம்கூட நிக்காதுங்கறார். நீங்க முப்பத்தாறு வருசம் இதையே பாத்தவரு. என்ன சொல்றீங்க?"

நான் உடனே பதில் சொல்லவில்லை. பரணில் கிடந்த சாக்குப் பையை இறக்கச் சொன்னேன். உள்ளே பித்தளை வளையம் போட்ட ஆறு சல்லடைகள். பணி ஓய்வு பெற்ற வருடம் என் சொந்தக் காசில் வாங்கி, ஒரு தடவைகூடப் பயன்படுத்தாமல் கட்டி வைத்தவை. "மணல் சாம்பிள் கொண்டாங்க மாப்பிள்ளை. சலிச்சுப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றேன்.

சலித்த கதையைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன், மணலும் ஜல்லியும் நம் மதுரைக்கு வந்த வழியைக் கொஞ்சம் எழுதி வைக்க ஆசை. அதில் நான் செய்த ஒரு தவறும் இருக்கிறது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

கான்கிரீட் என்றால் பலருக்கும் சிமெண்ட்தான் ஞாபகத்துக்கு வரும். உண்மையில் கெட்டியான ஒரு கான்கிரீட் தூணில் முக்கால் பங்குக்கு நெருக்கமாக இருப்பது ஜல்லியும் மணலும்தான். சிமெண்ட்டும் தண்ணீரும் சேர்ந்த பசை, அந்தக் கற்களுக்கு நடுவே இருக்கும் சந்துகளை நிரப்பி ஒட்ட வைக்கிறது. கல் சரியில்லை என்றால் எந்த கம்பெனி சிமெண்ட்டும் காப்பாற்றாது.

குழி குளமான கதை

காலையில் நான் நடக்கப் போவது வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தைச் சுற்றி. திருமலை நாயக்கர் மகால் 1636-ல் கட்டப்பட்டது. தெப்பக்குளம் 1645-ல் அமைக்கப்பட்டது. மகாலுக்குச் செங்கல் அறுக்க மண் எடுத்த பள்ளம்தான் பிறகு தெப்பக்குளமானது என்பது எங்கள் ஊரில் வழிவழியாகச் சொல்லும் செய்தி. அப்படித் தோண்டும்போது கிடைத்தவர்தான் மீனாட்சியம்மன் கோயிலில் இருக்கும் முக்குறுணி விநாயகர் என்றும் சொல்வார்கள்.

ஒரு கட்டடத்துக்கு மண் எடுத்த இடம் பள்ளமாகும். அந்தப் பள்ளத்தைப் படிக்கட்டும் மைய மண்டபமும் வைத்துக் குளமாக்கி, வைகைத் தண்ணீர் வந்து சேர வழியும் செய்து வைத்தார்கள். தைப்பூசத்துக்குத் தெப்பம் ஓடுகிறது. எடுத்த இடத்துக்கு என்ன செய்தோம் என்ற கேள்விக்கு அந்தக் காலத்தவர் பதில் வைத்திருந்தார்கள்.

மகாலில் சிமெண்ட் கிடையாது, இரும்புக் கம்பி கிடையாது. செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும்தான். சுண்ணாம்பையும் மணலையும் வட்டமான பள்ளத்தில் போட்டு, மாடு இழுக்கும் கல் சக்கரத்தால் நாள் கணக்கில் அரைப்பார்கள். கடுக்காய் ஊறிய தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் விடுவார்கள். வெறும் சுண்ணாம்பு காயும்போது சுருங்கி வெடித்துவிடும். மணல் எலும்புக்கூடு மாதிரி நடுவில் நின்று அந்தச் சுருக்கத்தைத் தாங்கும். எந்த மணல், எவ்வளவு மணல் என்பது கொத்தனாரின் கையில் இருந்த அறிவு. எழுத்தில் இல்லை.

வைகைக்கு இன்னொரு பெரிய கலவைக் கதையும் உண்டு. பென்னிகுவிக் கட்டி 1895-ல் திறக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் முன்முகமும் பின்முகமும் கருங்கல் கட்டு. வயிற்றுப்பகுதி சுண்ணாம்பு, சுர்க்கி, மணல், கல் சேர்ந்த கான்கிரீட். சுர்க்கி என்றால் சுட்ட செங்கல்லைப் பொடித்த தூள். அதைச் சேர்த்தால்தான் சுண்ணாம்பு தண்ணீருக்குள்ளும் இறுகும். சிமெண்ட் இல்லாத அந்தக் கான்கிரீட் தடுத்து நிறுத்தும் தண்ணீர்தான் மலையைக் குடைந்து வந்து வைகையில் சேர்கிறது.

எலுமிச்சை, நெல்லிக்காய், கடுகு

இந்தியாவில் போர்ட்லண்ட் சிமெண்ட் செய்யும் முதல் முயற்சி 1904-ல் சென்னையில் கடல் சிப்பியை வைத்து நடந்தது. அது நிலைக்கவில்லை. 1914-ல் போர்பந்தரில் தொடங்கியதுதான் நிலைத்தது. நம் தென்மாவட்டத்துக்குத் திருநெல்வேலிப் பக்கம் தாழையூத்தில் 1949-ல் ஆலை வந்தது. சிமெண்ட் விலை உயர்ந்த சரக்கு. குறைந்த சிமெண்ட்டில் கெட்டியான கலவை எப்படிப் போடுவது என்ற கேள்வி உலகம் முழுவதும் இருந்தது.

அமெரிக்காவில் புல்லர், தாம்சன் என்ற இரண்டு பொறியாளர்கள் 1907-ல் ஒரு விடை சொன்னார்கள். நம் வீட்டுச் சாமானை வைத்தே அதை விளக்கிவிடலாம். ஒரு மரக்கால் நிறைய எலுமிச்சம்பழம் போடுங்கள். நடுவில் நிறையச் சந்து இருக்கும். அந்தச் சந்தில் நெல்லிக்காயைப் போடுங்கள். இன்னும் சந்து இருக்கும். அதில் சுண்டைக்காய், பிறகு மிளகு, பிறகு கடுகு. ஒவ்வொரு அளவும் தனக்கு மேலே இருப்பதன் சந்தை அடைக்கிறது. கடைசியில் மிஞ்சுகிற கொஞ்ச இடத்துக்கு மட்டும் சிமெண்ட் பசை போதும். எல்லாம் எலுமிச்சையாக இருந்தால் பசை நிறைய வேண்டும். எல்லாம் கடுகாக இருந்தால் அதைவிட மோசம். கடுகின் மேல்தோல் அத்தனையையும் பசை நனைக்க வேண்டுமே! இந்த அளவுக் கலப்பைத்தான் நாங்கள் கிரேடிங் என்கிறோம்.

1918-ல் சிகாகோவில் டஃப் ஏப்ராம்ஸ் இரண்டு விஷயங்களைச் சொன்னார். ஒன்று, கான்கிரீட்டின் பலம் சிமெண்ட்டுக்கு எவ்வளவு தண்ணீர் என்ற விகிதத்தைப் பொறுத்தது. தண்ணீர் கூடினால் பலம் குறையும். இரண்டாவது, மணலின் பருமனை ஒரே எண்ணில் சொல்லும் வழி. அதற்கு ஃபைன்னெஸ் மாடுலஸ் என்று பெயர்.

கணக்கு சுலபம்தான். காய்ந்த மணல் ஒரு கிலோ எடுத்துக்கொள்ளுங்கள். 4.75 மில்லிமீட்டர், 2.36, 1.18, பிறகு 600 மைக்ரான், 300, 150 என்று ஆறு சல்லடைகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, மேலே மணலைக் கொட்டிப் பத்து நிமிடம் ஆட்டுங்கள். ஒவ்வொன்றிலும் தங்கியதை எடை போடுங்கள். உதாரணத்துக்கு 20, 80, 200, 270, 310, 100 கிராம் என்று வருகிறது. அடித்தட்டில் 20. இதை மேலிருந்து கூட்டிக்கொண்டே வந்து சதவீதமாக்கினால் 2, 10, 30, 57, 88, 98. ஆறையும் கூட்டினால் 285. நூறால் வகுத்தால் 2.85. இது நடுத்தர மணல், கான்கிரீட்டுக்கு அருமையானது. 2.2-க்குப் பக்கம் வந்தால் நைஸ் மணல். 3.2-ஐத் தாண்டினால் வெறும் குருணை, கலவை சொரசொரவென்று நிற்கும்.

இந்த முறைகளையெல்லாம் வைத்து இந்திய தர நிர்ணயத்தில் ஐ.எஸ். 383 என்ற விதி 1952-ல் வந்தது. 1963-லும் 1970-லும் திருத்தினார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த 1972-ல் 1970-ஆம் வருடப் பதிப்புதான் புதுசு. அதில் மணலை நாலு மண்டலமாகப் பிரித்திருக்கும். 600 மைக்ரான் சல்லடை வழியே 15 முதல் 34 சதவீதம் இறங்கினால் முதல் மண்டலம். 35 முதல் 59 என்றால் இரண்டு. 60 முதல் 79 என்றால் மூன்று. 80-க்கு மேல் போனால் நாலு. நாலாவது மண்டல மணலைச் சோதித்துப் பார்க்காமல் கம்பி கட்டிய கான்கிரீட்டில் போடாதே என்றும் சொல்லியிருக்கும். மேலே சொன்ன உதாரணத்தில் 43 சதவீதம் இறங்குகிறது. ஆகவே அது இரண்டாம் மண்டலம்.

எங்கள் மூத்த ஓவர்சியர்கள் மில்லிமீட்டர் பேச மாட்டார்கள். "இருபத்தஞ்சாம் நம்பர் சல்லடையில எவ்வளவு எறங்குது?" என்பார்கள். நம்பர் என்பது ஒரு அங்குலத்துக்கு எத்தனை கண் என்ற கணக்கு. அதுதான் இன்றைய 600 மைக்ரான்.

மேஸ்திரியின் உள்ளங்கை

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெரிய மேஸ்திரியிடம் நான் கற்றது கொஞ்சநஞ்சமில்லை. லாரி வந்து நின்றதும் ஒரு பிடி அள்ளுவார். இறுக்கிப் பிடித்துக் கையைத் திறப்பார். கட்டியாக நின்றால் "சவுடு இருக்கு தம்பி" என்பார். பிறகு இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே தேய்த்துக் கொட்டிவிட்டுக் கையைக் காட்டுவார். கையில் மண் நிறம் ஒட்டியிருந்தால் லாரி திரும்ப வேண்டியதுதான்.

நான் டிப்ளமா படித்தவன் என்ற மிதப்பில் கண்ணாடிக் குடுவையோடு போவேன். குடுவையில் பாதி மணல், மேலே உப்புத் தண்ணீர், நன்றாகக் குலுக்கி மூன்று மணி நேரம் வைத்தால் மணலுக்கு மேல் வண்டல் தனியாகப் படியும். அது மணலின் உயரத்தில் நூற்றுக்கு எட்டு பங்கைத் தாண்டினால் வேண்டாம் என்பது நாங்கள் வைத்திருந்த கணக்கு. ஒவ்வொரு தடவையும் மேஸ்திரியின் கையும் என் குடுவையும் ஒரே பதிலைத்தான் சொல்லின. அவர் மூன்று மணி நேரம் முன்னாலேயே சொல்லிவிடுவார், அவ்வளவுதான் வித்தியாசம்.

அவர் சொல்லிக் கொடுத்த இன்னொன்று, ஈர மணலின் பொய். மணலில் நாலைந்து சதவீதம் ஈரம் இருந்தால் துகள்களைச் சுற்றித் தண்ணீர் படலம் கட்டி, ஒன்றை ஒன்று தள்ளிப் பிடிக்கும். மணல் உப்பிவிடும். கால் பங்கு வரை கூடுதலாகக் காட்டும், நைஸ் மணல் என்றால் அதற்கும் மேலே. முழுக்கத் தண்ணீர் விட்டு நனைத்தால் மறுபடியும் உள்ளபடி இறங்கிவிடும். 200 மில்லி அளவுக்கு ஈர மணலைக் குடுவையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். 160-க்கு இறங்கியது. அதாவது 40 மில்லி வெறும் காற்று. நூறு கன அடியை ஒரு யூனிட் என்று விற்கும் வியாபாரத்தில், ஐந்து யூனிட்டுக்குப் பணம் கொடுத்தவருக்கு நாலு யூனிட்தான் வந்திருக்கிறது. பாண்டு சட்டியால் அளந்து கலவை போட்டாலும் இதே கதைதான். ஒன்றுக்கு இரண்டு மணல் என்று நாம் நினைப்போம். உள்ளே போவது ஒன்றரைக்குக் கொஞ்சம் மேலே.

ஜல்லிக்கும் இதே மாதிரி வரலாறு உண்டு. ஜல்லி உடைக்கும் இயந்திரத்துக்கு அமெரிக்காவில் பிளேக் என்பவர் 1858-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால் நான் வேலைக்கு வந்தபோதும் ரோட்டோரத்தில் கருங்கல்லைக் குவித்துக்கொண்டு, ஓலைத் தடுப்பின் நிழலில் பெண்கள் சுத்தியலால் உடைத்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றரை இஞ்ச், முக்கால் இஞ்ச், அரை இஞ்ச் என்று அவர்கள் கண் அளவிலேயே பிரிப்பார்கள். கையால் உடைத்த ஜல்லி கனசதுரமாக வரும். பிறகு வந்த கிரஷர்களில் தட்டை ஜல்லி நிறைய விழுந்தது. தட்டை ஜல்லி கலவைக்குள் படுத்துக்கொள்ளும், அடியில் தண்ணீர் தேங்கும், சுமை வந்தால் ஒடியும். சிதறு தேங்காய் போல உடையாத கெட்டிக் கல், தட்டையில்லாத உருவம், தூசி ஒட்டாத முகம், அளவுக் கலப்பு. ஜல்லிக்கு இந்த நாலும் வேண்டும்.

சந்து கணக்கு

இன்னொரு சோதனை. ஒரு வாளி நிறையக் காய்ந்த மணலை நிரப்பி, மேல் மட்டம் வரும் வரை தண்ணீரை அளந்து ஊற்றுவது. எவ்வளவு தண்ணீர் பிடித்ததோ அவ்வளவு சந்து. ஆற்று மணலில் நூற்றுக்கு 35 முதல் 40 வரை வரும். அந்தச் சந்தை நிரப்ப எவ்வளவு சிமெண்ட் வேண்டும் என்று கணக்குப் போடுவோம். என் பணிக்காலத்தில் இந்தச் சோதனையை நூறு தடவையாவது செய்திருப்பேன்.

சின்ன வயதில் என் அப்பத்தா சித்திரை வெயிலில் குடத்தையும் ஒரு சிரட்டையையும் எடுத்துக்கொண்டு வைகைக்குள் இறங்குவார். நானும் பின்னாலேயே ஓடுவேன். ஆறு காய்ந்து கிடக்கும். தேனூர் மண்டபத்துக்கு இந்தப் பக்கம் மணலைக் கையால் முழங்கை ஆழம் பறிப்பார். பக்கவாட்டிலிருந்து தண்ணீர் கசிந்து குழி நிறையும். முதலில் வரும் கலங்கலை இறைத்துக் கொட்டிவிட்டு, தெளிந்ததும் சிரட்டையால் மொண்டு குடத்தில் ஊற்றுவார். அந்தத் தண்ணீரின் ருசியை இப்போதும் சொல்ல முடியும்.

வாளிக்குள் நான் அளந்த சந்தும், அப்பத்தா குடத்தில் மொண்ட தண்ணீர் இருந்த இடமும் ஒன்றுதான். இது எனக்குப் புரிந்தது ஓய்வு பெற்ற பிறகு. ஒரு யூனிட் மணல் கிட்டத்தட்ட 2,830 லிட்டர் கொள்ளளவு. அதில் 35 சதவீதம் சந்து என்றால் ஆயிரம் லிட்டர் தண்ணீருக்கான இடம். அத்தனையும் கைக்கு வராது, கொஞ்சம் மணலோடு ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். இருந்தாலும் ஆயிரம் சதுர அடி வீட்டுக்கு அஸ்திவாரத்திலிருந்து பூச்சு வரை பதினைந்து, இருபது யூனிட் மணல் போகும். ஒரு வீட்டுக்குப் பதினைந்தாயிரம் லிட்டருக்குக் குறையாத இடத்தை ஆற்றிலிருந்து எடுத்திருக்கிறோம். ஒவ்வொரு வெள்ளத்துக்கும் மறுபடி நிரம்பக்கூடிய இடம் அது. நான் எம்.புக்கில் கையெழுத்துப் போட்ட லாரிகளை எண்ணிப் பார்த்தால் தூக்கம் வராது.

மணல் திரும்ப வராதா என்று கேட்பீர்கள். வரும். மலைக்கல் உடைந்து, உருண்டு, வெள்ளத்தில் வந்து சேர்வதற்குக் காலம் வேண்டும். வருசநாட்டு மலையிலிருந்து வரும் மணலின் வழியில் 1959-ல் வைகை அணை வந்தது. அணை தண்ணீரைத் திறந்துவிடும், மணலைத் தன் மடியிலேயே வைத்துக்கொள்ளும். பாசனத்துக்கு அணை தேவைதான், அதைக் குறை சொல்லவில்லை. வரவு குறைந்தது தெரிந்தும் செலவைக் குறைக்காமல் விட்டோமே என்பதுதான் என் வருத்தம்.

நான் செய்த தவறு

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு அரசுக் கட்டடம் என் பொறுப்பில் நடந்துகொண்டிருந்தது. ஒப்பந்தக்காரர் மேலூர்ப் பக்கத்து ஆள், அனுபவசாலி. ஒரு நாள் மேசைக்கு எதிரே நின்றுகொண்டு சொன்னார்.

"சார், ஆத்துல இப்ப சவுடாத்தான் வருது. நம்ம கிரஷர்ல நல்ல குருணை விழுது. தூசியக் கழுவிட்டுப் பாதிக்குப் பாதி கலந்துக்கறேன். நாலு கியூப் போட்டு ஒடைச்சுப் பாருங்க. தேறலைன்னா வேணாம்."

"எஸ்டிமேட்ல ஆத்து மணல்னு இருக்கு. அதைத் தவிர வேற எதுவும் உள்ள வரக்கூடாது" என்றேன். அவர் பதில் பேசவில்லை. திருப்புவனம் தாண்டிப் போய் மணல் அள்ளி வந்து வேலையை முடித்தார்.

அந்த எஸ்டிமேட்டை எழுதியவனே நான்தான். என் மேசையில் ஐ.எஸ். 383 இருந்தது. அந்தப் புத்தகத்தில் ஆற்று மணல்தான் வேண்டும் என்று எங்கேயும் இல்லை. இயற்கை மணல், கல்லை உடைத்த மணல், கூழாங்கல்லை உடைத்த மணல் என்று மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்திருந்தது. இன்னும் ஒரு படி மேலே போய், உடைத்த மணலில் தூள் கொஞ்சம் கூடத்தான் இருக்கும் என்று சலுகையும் தந்திருந்தது. 150 மைக்ரான் சல்லடையில் இயற்கை மணலுக்குப் பத்து சதவீதம் என்றால் உடைத்த மணலுக்கு இருபது. 75 மைக்ரானுக்கும் கீழான தூள் இயற்கை மணலில் 3 சதவீதம்தான் இருக்கலாம், உடைத்ததில் 15 வரை இருக்கலாம். ஆற்று வண்டல் களிமண், அது சிமெண்ட்டை ஒட்ட விடாது. கிரஷர் தூளோ கல்லின் தூள், அவ்வளவு கெடுதல் செய்யாது. காரணத்தோடு எழுதிய விதி. நான் படித்துப் பரீட்சையும் எழுதியவன்.

என் பக்க நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். அப்போதைய கிரஷரில் ஜல்லி உடைக்கும்போது விழுந்தது பெரும்பாலும் கழிவுத் தூசு. தட்டைத் துகள், பவுடர், அளவுக் கலப்பே இல்லாதது. கல்லைக் கல்லோடு மோதவிட்டு உருட்டையாக்கும் வி.எஸ்.ஐ. இயந்திரங்கள் நம் பக்கம் பரவலாக வந்தது பிற்பாடு. ஆகவே அவர் சொன்ன சரக்கு தேறியிருக்கும் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் நான் வேண்டாம் என்றது சலித்துப் பார்த்தல்ல. ஆறு பக்கத்தில் இருந்தது, அள்ளுகிற கூலியும் வண்டி வாடகையும்தான் விலை, இத்தனை காலம் அப்படித்தான் நடந்தது. அந்தப் பழக்கத்தைத்தான் தரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு மணி நேரம் சல்லடை பிடித்திருந்தால் தெரிந்திருக்கும். என்னைப் போல எத்தனை மேசைகளில் எத்தனை பேர் அதே வார்த்தையைச் சொல்லியிருப்போம்!

ஆற்றுக்கு வந்த வழக்கு

பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். 2003-ல் ஆற்று மணல் குவாரிகளைத் தமிழக அரசே எடுத்து நடத்த ஆரம்பித்தது. 2012 பிப்ரவரியில், ஐந்து ஹெக்டேருக்குக் குறைந்த குவாரியானாலும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2017 நவம்பரில், மலேசியாவிலிருந்து தூத்துக்குடித் துறைமுகத்தில் வந்து இறங்கிய மணலைப் பற்றிய வழக்கில், ஆறு மாதத்துக்குள் மணல் குவாரிகளை மூட வேண்டும் என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. அரசு மேல்முறையீட்டுக்குப் போனது, குவாரிகளும் அதோடு நின்றுவிடவில்லை. இருந்தாலும் வைகைக் கரைக்காரர்கள் கப்பலில் வந்த மணலைப் பற்றிப் பேப்பரில் படிக்க நேர்ந்ததே, அது போதாதா?

2016-ல் ஐ.எஸ். 383-ஐ மறுபடி திருத்தினார்கள். பழைய தலைப்பில் "இயற்கை மூலங்களிலிருந்து கிடைக்கும்" என்ற பொருளில் சில சொற்கள் இருக்கும். புதிய பதிப்பில் அந்தச் சொற்கள் இல்லை. உலைக் கசடு, இடித்த கட்டடத்தின் கான்கிரீட் ஆகியவற்றிலிருந்து செய்யும் ஜல்லிக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். 2023-ல் தமிழக அரசு எம்-சாண்டுக்கென்று தனிக் கொள்கையே வெளியிட்டது.

மூன்று சாம்பிள்

இனி மாப்பிள்ளையின் கேள்வி. மறுநாள் மூன்று சாம்பிள் வந்தன. முதலாவது, பக்கத்து வீட்டுக்காரர் மூலமாக ஒரு புரோக்கர் கொடுத்த ஆற்று மணல். எந்த ஆறு என்று கேட்டதற்கு "நல்ல எடம் சார்" என்பதற்கு மேல் பதில் இல்லை. இரண்டாவதும் மூன்றாவதும் வெவ்வேறு கிரஷர்களின் எம்-சாண்ட். மொட்டை மாடியில் காயப்போட்டு, சமையலறைத் தராசைக் கடன் வாங்கி, நானும் பேத்தியும் உட்கார்ந்து சலித்தோம்.

ஆற்று மணல் 600 மைக்ரானில் 83 சதவீதம் இறங்கியது. நாலாம் மண்டலம். குடுவையில் வண்டல் பதினொன்று. முதல் கிரஷரின் சரக்கு 150 மைக்ரானில் 24 சதவீதம் இறங்கியது. கையில் சாம்பல் மாதிரி ஒட்டியது. எம்-சாண்ட் என்று பில் போட்ட கிரஷர் டஸ்ட் அது. இரண்டாவது கிரஷரில் 600-ல் 41, 150-ல் 13. துகளும் தட்டையாக இல்லை. அச்சு அசலான இரண்டாம் மண்டலம்.

"மூணாவது சாம்பிள் எடுத்துக்கங்க மாப்பிள்ளை. ஒவ்வொரு லோடுக்கும் ஒரு பிடி அள்ளிப் பாருங்க. துகள் முனை இருக்கறதால கலவை கொஞ்சம் முரடா நிக்கும். அதுக்காக சித்தாளுங்க தண்ணிய ஊத்தினா விடாதீங்க. வேணும்னா இன்ஜினியரைக் கேட்டு அட்மிக்ஸர் போடுங்க. பூச்சுக்கு இதைப் போடாதீங்க, பி-சாண்ட்னு தனியா நைஸா வருது. வீடு நிக்கும்."

மாப்பிள்ளைக்கு நிம்மதி. பேத்தி சல்லடையைத் தட்டிக்கொண்டே கேட்டாள். "தாத்தா, இந்தக் கல்லு எங்க இருந்து வருது?"

"மலையில இருந்து."

"அப்ப மலை தீந்து போகாதா?"

யானைமலையைப் பார்த்துக்கொண்டு வளர்ந்த பிள்ளை கேட்கிறாள். மேலூர் அருகே அரிட்டாபட்டியை 2022-ல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். எல்லாக் குன்றுக்கும் அந்த யோகம் கிடைக்குமா? ஆற்றில் நாம் செய்த அதே தவறை மலையில் செய்யாமல் இருக்க ஒரு வழிதான் எனக்குத் தெரிகிறது. இடித்த வீட்டின் கான்கிரீட்டைப் பள்ளத்தில் கொட்டாமல் உடைத்துச் சலித்து மறுபடி பயன்படுத்த வேண்டும். விதி 2016-லேயே இடம் கொடுத்துவிட்டது. இப்போது மேசையில் உட்கார்ந்திருக்கும் தம்பிகள் "எஸ்டிமேட்ல இல்லை" என்று சொல்லிவிடாமல், ஒரு தடவை சலித்துப் பாருங்கள். என் வேண்டுகோள் அவ்வளவுதான்.

வீடு கட்டி முடிந்து குடிபோய்விட்டார்கள். போன சித்திரையில் அழகர் வண்டியூருக்கு வந்த மறுநாள், மண்டூக முனிவருக்கு மோட்சம் கொடுக்கும் தேனூர் மண்டபத்துக்குப் பேத்தியைக் கூட்டிப் போனேன். அப்பத்தா ஊற்றுப் பறித்த இடத்தைக் காட்டினேன். அங்கே இப்போது கெட்டிக் களிமண், ஒரு கருவேல மரம். பேத்தி குச்சியால் கொஞ்சம் பறித்துப் பார்த்தாள். குச்சிதான் ஒடிந்தது.

உங்கள் ஊர் ஆற்றில் ஊற்றுப் பறித்துத் தண்ணீர் எடுத்தவர்கள் இருந்தால், எந்த இடம், எத்தனை முழ ஆழம் என்று எனக்கு எழுதுங்கள். தொகுத்து ஒரு பதிவாகப் போடுகிறேன்.